வியாழக்கிழமைக்கு ஐந்து மந்திரம்

நான் வேலை செய்யும் வீடு லிபெர்த்தாத் தெருவில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. அங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். இரசாயனம் படிப்பித்தவர். எல்லோரும் புரொஃபெசோரே என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். என்னைச் சிஞ்ஞோரா என்பார், அம்மா என்கிற மாதிரி. வயது அறுபத்தெட்டு. கைநடுக்க வருத்தம். குரல் வரவரச் சிறுத்துப்போகிறது. மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று பேர் வருவார்கள். பகேரியாவிலிருந்து ரயிலில் அவருடைய தங்கை வருவார். மற்ற இருவரில் ஒருவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரிய உடம்புக்காரர். மற்றவர் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்மணி. நான் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணித்தியாலம் கதைப்பார்கள். சாத்தினாலும் கேட்கும்.

"நான் பின்னாலை போய் அவன்ரை கழுத்திலை வெட்டுறன்."

"செத்திட்டானோ?"

"இன்னும் இல்லை."

அவர்கள் கதைத்தது இத்தாலியன். எனக்கு ஞாபகத்தில் நிற்பது தமிழாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதல் மாதமே வீட்டில் என் மனுசனிடம் சொன்னேன். "வியாழக்கிழமையிலை அங்கை ஆரையோ கொல்லுகினம்."

"உம்மை இல்லைத்தானே?" என்றார். "அப்ப கோப்பியைக் குடுத்திட்டுப் பேசாம இரும்."

அது விளையாட்டு என்று பிறகு விளங்கியது. பலகை இல்லை. காய் இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடமாக இருப்பார்கள். இப்போது நீ என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார். சொல்ல வேண்டும். சொன்னது சரிவருமா வராதா என்பதை இருபது முகம் உள்ள தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். பெரிய எண் விழுந்தால் சரிவரும். கதை சொல்பவர் புரொஃபெசோரே. கட்டை கீழே விழுந்து ஓடாமல் இருக்க அவருக்கு ஒரு சூப்புக் கோப்பை வைத்திருந்தார்கள்.

பதினொரு வருடமாக ஒரே கதை. ஆற்றுக்கு அடியில் ஒரு குகை, குகைக்குள் ஒரு கோயில். அதற்குள் ஒரு மணி. அதை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். பதினொரு வருடமாக எடுக்கவில்லை.

மற்ற நாட்களில் அவரைக் கட்டிலிலிருந்து இறக்குவதற்கு நான் ஒரு மணித்தியாலம் கெஞ்ச வேண்டும். வியாழக்கிழமை நான் போகும்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். காலில் செருப்பும் இருக்கும்.

ஒரு மாரி காலத்தில் தங்கை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மகன் வந்து வடக்கே தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கதையில் வைத்தியம் பார்ப்பவர் அந்தத் தங்கைதான். பஸ்காரர் வாள் பிடிப்பவர். மருந்துக்கடைப் பெண்மணி நெருப்பு எறிபவர். இரண்டு பேரை வைத்துக்கொண்டு, அதிலும் வைத்தியம் இல்லாமல், அந்தக் கதை ஓடாது.

"கோப்பி குடிக்க வருவம்தானே," என்று மருந்துக்கடைப் பெண்மணி வாசலில் நின்று சொன்னார்.

நான் நம்பவில்லை. சும்மா கோப்பி குடிக்க மூன்று மாடி எத்தனை தரம் ஏறுவார்கள்? இரண்டு வியாழன் ஒருவரும் வரவில்லை. இரண்டாவது வியாழன் புரொஃபெசோரே சாப்பிடவும் இல்லை. சூப்புக் கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"உங்கடை தங்கச்சியின்ரை வேலை கஷ்டமோ?" என்று கேட்டேன்.

"எந்த வேலை?"

"கதையிலை. வைத்தியம்."

திரும்பினார்.

"விருப்பமோ சிஞ்ஞோரா?"

"விருப்பம் எண்டில்லை. உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு பாக்கவேணும்."

அது உண்மை. இரண்டு வருடம் சாத்தின கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டவள் நான். பாதிக் கதைதான் தெரியும்.

அவர் ஒரு பழைய புத்தகம் தந்தார். மட்டை கழன்று ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. எனக்குக் கிடைத்த வேடம் கோயில் பூசாரிப் பெண். பூசாரிக்கு வாள் இல்லை. மந்திரம்தான். புத்தகத்தில் இருபத்துநாலு மந்திரம் இருந்தது. எல்லாவற்றையும் சொல்ல முடியாது. கதையில் ஒவ்வொரு நாளும் விடியும்போது, இன்றைக்கு எந்த ஐந்து வேண்டும் என்று எழுதி வைத்துவிட வேண்டும். எழுதாதது அன்றைக்குக் கிடையாது. எழுதியதையும் ஒரு தரம் சொன்னால் தீர்ந்துவிடும். அடுத்த விடியல்வரை வராது.

"இன்னொண்டு," என்றார் புரொஃபெசோரே. "நான் கட்டையிலை ஏமாத்தமாட்டன். விழுந்தது விழுந்ததுதான். எல்லாரும் செத்தா கதை முடிஞ்சுது. இன்னொரு கதை துவங்க எனக்கு இனித் தெம்பில்லை."

கதை முடிந்தால் வியாழக்கிழமையும் முடிந்தது. அதை அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் படித்தது எட்டாம் வகுப்புவரைதான். இத்தாலியன் கதைப்பேன், வாசிப்பது மெதுவாகத்தான். விரலை வைத்து வரி வரியாக வாசித்தேன். மனுசன் பல்லரோச் சந்தையில் வாங்கின மீனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன வாசிக்கிறீர்?"

"மந்திரம். நான் பூசாரி."

"பொம்பிளைப் பூசாரியோ?"

"ஓம்."

"எங்கடை கோயிலிலை உள்ளுக்கை விடாயினம். குகைக்குள்ளை விட்டிருக்கினம்." மீனை மறுபக்கம் திருப்பினார். "அதிலை எனக்கு முழங்கால் நோவுக்கு ஏதும் கிடக்கோ எண்டு பாரும்."

பார்த்தேன். இல்லை.

காயம் ஆற்றும் மந்திரம் ஒன்று இருந்தது. இருட்டில் வெளிச்சம் தருவது ஒன்று. கெட்டுப்போன சாப்பாட்டையும் தண்ணீரையும் நல்லதாக்குவது ஒன்று. பயம் போக்குவது ஒன்று. கூட வருபவர்களின் கையைப் பலமாக்குவது ஒன்று. ஒரு ஆளை அசையாமல் நிறுத்தி வைப்பது ஒன்று. மூன்று இரவு சமைத்து முடித்தபிறகு இருந்து வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வந்தது. கேள்விகளைப் பழைய கலண்டர் தாளில் எழுதினேன்.

வியாழக்கிழமை மேசையில் எனக்கும் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். கோப்பியைப் பஸ்காரர் போட்டார். தண்ணீர்போல இருந்தது. எல்லோரும் குடித்து முடித்தார்கள்.

"ஐஞ்சும் காயம் ஆத்திறதா எழுதுங்கோ சிஞ்ஞோரா," என்றார் பஸ்காரர். "எனக்குத்தான் அடி விழுறது."

"அப்ப நீங்கள் அடி விழாமச் சண்டை பிடிக்கப் பாருங்கோ."

மருந்துக்கடைப் பெண்மணிக்குச் சிரித்ததில் கோப்பி புரையேறியது. "பதினொரு வருசமா நான் சொல்லிற கதை," என்றார் பஸ்காரரிடம். "எருமை மாதிரி முதல் ஆளாப் போய் நிப்பாய்."

நான் கலண்டர் தாளை எடுத்தேன்.

"காயம் ஆத்திற மந்திரம் நோவையும் எடுக்குமோ? இல்லை, காயத்தை மட்டும் மூடுமோ?"

மூன்று பேரும் ஆளையாள் பார்த்தார்கள். புரொஃபெசோரே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லையாம். யோசித்தார்.

"நோவு எடுக்காது," என்றார். "நோவு நிண்டு போக ஒரு இரவு வேணும்."

"நான் கேட்டனானோ?" என்று பஸ்காரர் கத்தினார். "நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது!"

அன்றிலிருந்து காயம் ஆறியபிறகும் அவர் கதையில் நொண்டி நொண்டித்தான் நடந்தார். முனகலும் போட்டார். அது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நான் எழுதியது இது. காயம் ஆற்றுவது இரண்டு. வெளிச்சம் ஒன்று. தண்ணீர் ஒன்று. பயம் போக்குவது ஒன்று.

"தண்ணியோ?" என்றார் பஸ்காரர். "பதினொரு வருசத்திலை குகைக்குள்ளை நாங்கள் ஒருக்காலும் தண்ணி குடிச்சதில்லை."

"அதுதான் எழுதினனான். கதையிலை நாலு நாளா நடக்கிறியள்."

பயத்துக்கும் காரணம் கேட்டார்கள். என் வேலையில் கண்டது. படியில் விழுகிறவர்களில் பாதிப்பேர் கால் ஏலாமல் விழுவதில்லை, விழுந்துவிடுவோம் என்று பயந்துதான் விழுகிறார்கள். அதைச் சொன்னேன். புரொஃபெசோரே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளை அசையாமல் நிறுத்தும் மந்திரத்தை நான் எடுக்கவில்லை. மருந்துக்கடைப் பெண்மணிக்கு அது சரியாகப் படவில்லை. "இருக்கிறதிலை அதுதான் பலமானது," என்றார். "எதிரியை நிப்பாட்டினா வெட்டிறது சுகம்." நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றார். முந்தி வேலை செய்த ஒரு வீட்டில், இரவில் எழும்பி நடக்கிறா என்று ஒரு அம்மாவைத் துணியால் கட்டிலோடு கட்டுவார்கள். அவிழ்ப்பது நான். அவவின் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதிரியாக இருந்தாலும் அந்தக் கண்ணைப் பார்க்க ஏலாது. அவ்வளவையும் நான் சொல்லவில்லை. "எனக்கு அது சரிவராது" என்று மட்டும் சொன்னேன். அவர் விட்டுவிட்டார்.

அன்று குகைக்குள் ஒரு கிணறு வந்தது. தண்ணீரில் நஞ்சு. நான் மந்திரத்தைச் சொன்னேன், குடித்தார்கள். அந்தக் கிணறு முதலே கதையில் இருந்ததா, நான் தண்ணீர் மந்திரம் எழுதியதால் வந்ததா? போகும்போது கேட்டேன்.

"குசினி ரகசியம்," என்றார் புரொஃபெசோரே. குரல் நன்றாகக் கேட்டது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒவ்வொரு கிழமையும் ஐந்தை மாற்றி மாற்றி எழுதினேன். பஸ்ஸில் போகும்போது யோசிப்பேன். வெளிச்சத்தை விட்டுப் பார்த்தேன், இருட்டில் மாட்டிக்கொண்டார்கள். கை பலமாக்குவதைச் சண்டை தொடங்க முன்னமே சொன்னால், காயம் ஆற்றும் தேவையே பாதி குறைகிறது என்று கண்டேன். அதைச் சொன்னபோது மருந்துக்கடைப் பெண்மணி, "தடுப்பு மருந்து," என்றார். அவருக்கு அது பிடித்தது.

கோயிலுக்குள் போன வியாழன் வந்தது. மணி கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் காவல் நின்றவை எலும்பு மனிதர்கள். எத்தனை என்று புரொஃபெசோரே சொல்லவில்லை. வந்துகொண்டே இருந்தன.

அன்று காயம் ஆற்றுவது மூன்று எழுதியிருந்தேன். ஒவ்வொருவரின் தாளிலும் உயிர் எவ்வளவு மிச்சம் என்று ஒரு இலக்கம் இருக்கும். அடி விழுந்தால் குறையும். பஸ்காரருக்கு முதல் அடி. அவருக்கு ஒன்று சொன்னேன். எனக்கும் ஒரு அடி விழுந்தது. பெண்மணிக்கு விழுந்தது. அவருக்கு ஒன்று சொன்னேன். எனக்கு இன்னொன்று விழுந்தது. என் தாளில் மூன்று மிச்சம்.

"சிஞ்ஞோரா, கடைசியை உங்களுக்குச் சொல்லுங்கோ," என்றார் பெண்மணி.

"பிறகு பாப்பம்." பஸ்காரரைக் காட்டினேன். "அவருக்கு ஆறுதான் கிடக்கு."

"உங்களுக்கு மூண்டு!"

"எங்கடை வீட்டிலை பரிமாறிறவை கடைசியாத்தான் சாப்பிடிறது."

"பானையிலை ஒண்டும் மிஞ்சாட்டி?"

"அடிச்சோறு இருக்கும்."

"அதுவும் இல்லாட்டி?"

"எப்பவும் இருக்கும்."

மூன்றாவதைப் பஸ்காரருக்குச் சொன்னேன். அடுத்த அடி எனக்குத்தான் என்றார் புரொஃபெசோரே. சூப்புக் கோப்பையில் கட்டையை உருட்டினார். நடுங்கும் கையில் அது கனநேரம் சுற்றியது. பத்தொன்பது.

நான் விழுந்தேன்.

தாளில் சுழியம் எழுதினேன். பிறகுதான் நான் செய்த வேலை விளங்கியது. மூன்று பேரில் இருவருக்குக் காயம் ஆறியிருந்தது. இனி விழும் அடிக்கு ஆற்ற ஆள் இல்லை. நான் போனால் அவர்களும் போவார்கள். கதை போகும். வியாழக்கிழமை போகும். அடிச்சோறு இல்லை.

"கோயில் வாசலுக்கு ஓடினால்..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் விழுந்திட்டியள் சிஞ்ஞோரா," என்றார் புரொஃபெசோரே. மெதுவாகத்தான் சொன்னார். "விழுந்தவை கதைக்க ஏலாது. மூண்டு சுற்றுக்குள்ளை ஆரும் கட்டுப் போடாட்டிச் சாவு."

வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது பழக்கமில்லை. வேலையில் எப்போதும் யாராவது விழுவார்கள், நான் தூக்குவேன். விழுந்தவள் நானாக இருந்து, மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"மணி அஞ்சடி தூரம்," என்றார் பஸ்காரர். "நான் பாய்ஞ்சு எடுத்தா?"

"எடுத்து?" என்றார் பெண்மணி. "நீயும் அதிலை செத்துக் கிட. அவவுக்குக் கட்டுப் போடு."

"எனக்குக் கட்டுப் போடத் தெரியாது!"

"நாற்பது வருசம் பஸ்ஸிலை முதலுதவிப் பெட்டி வைச்சிருந்தனி!"

"அதை ஒருநாளும் திறக்கேல்லை!"

எனக்குச் சிரிப்பு வந்தது. விழுந்தவர்கள் சிரிக்கலாமோ தெரியாது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு சுற்று அவர்கள் வாக்குவாதத்திலேயே போய்விட்டது. அதையும் புரொஃபெசோரே கணக்கில் எடுத்தார். இரண்டாவது சுற்றில் பஸ்காரர் வாளைக் கீழே போட்டார். பதினொரு வருடத்தில் அவர் வாளைப் போட்டதில்லை. "போட்டிருக்கிற சேட்டைக் கிழிச்சுக் கட்டுறன்," என்றார். கட்டையை உருட்டினார். நாலு. சரிவரவில்லை. அவரே எழுந்து ஜன்னல்வரைக்கும் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது சுற்று. பெண்மணியிடம் ஒரே ஒரு மந்திரம் மிச்சம். நெருப்பு. எதிரி மேல் எறிவார் என்று நினைத்தேன். அவர் கூரையைத் தாங்கிய மரத்தில் எறிந்தார். கூரை இடிந்து எங்களுக்கும் எலும்பு மனிதர்களுக்கும் நடுவே விழுந்தது. மணியும் அந்தப் பக்கம். "இப்ப கட்டு," என்றார். "உனக்கு அவசரம் இல்லை. ஒருத்தரும் அடிக்கமாட்டினம்."

பஸ்காரர் கட்டையைக் கைக்குள் வைத்து ஊதினார். பதினாலு விழுந்தது.

"உயிர் இருக்கு," என்றார் புரொஃபெசோரே.

அவர் நெற்றியெல்லாம் வேர்வை. கைலேஞ்சியால் துடைத்துவிட்டேன். விழுந்தவள் எழும்பலாம்தானே என்று கேட்கவில்லை.

பஸ்காரர் கதையில் என்னைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தார். ஆற்றங்கரை. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. மணி இல்லை. அதற்குப் போகும் வழியும் இல்லை.

"அப்ப கதை முடிஞ்சுதோ?" என்று பஸ்காரர் கேட்டார். பெரிய உடம்பு, சின்னக் குரலில் கேட்டார். எல்லோரும் புரொஃபெசோரேயைப் பார்த்தோம். மணியை எடுத்தால் முடிவு. எல்லோரும் செத்தால் முடிவு. இது இரண்டும் இல்லை. அதற்கு அவர் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. முகத்தைப் பார்க்கத் தெரிந்தது.

"விடிஞ்சால் வெளியிலை என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியாது," என்றார். "பதினொரு வருசமா நான் உள்ளுக்கை மட்டும்தான் யோசிச்சு வைச்சிருந்தனான்."

"அப்ப யோசி," என்றார் பெண்மணி. "ஒரு கிழமை இருக்கு." கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலில் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அடுத்த முறை அடிச்சோத்தை நம்பிக்கொண்டு வராதையுங்கோ. எனக்கு எப்பவும் எறிய நெருப்பு மிஞ்சாது."

"ஓம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது அவர் கட்டிலில் இல்லை. பயந்துபோனேன். சாப்பாட்டு அறையில் இருந்தார். யார் உதவியும் இல்லாமல் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறார். கட்டம் போட்ட சதுர ரூள் கொப்பி வேண்டும், பென்சிலும் அடிமட்டமும் வேண்டும் என்றார். கீழே கடையில் வாங்கி வந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கீறத் தொடங்கினார். கை நடுங்கியது. கோடு கோணலாகப் போனது. அழித்தார். திரும்பக் கீறினார். திங்கட்கிழமை அடிமட்டத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் கண் தாளில் போனது. ஒரு பாலம் மாதிரி ஏதோ இருந்தது. பக்கத்தில் சின்னச் சின்ன வீடுகள்.

மற்றக் கையால் தாளை மூடினார்.

"நீங்கள் பாக்கக்கூடாது சிஞ்ஞோரா. நீங்கள் விளையாடிற ஆள்."

"பாக்காம எப்பிடி அடிமட்டம் பிடிக்கிறது?"

"முகத்தை அங்காலை திருப்புங்கோ."

திருப்பினேன். ஜன்னலுக்கு வெளியே முன் வீட்டுக்காரி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. பென்சில் கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. நீளமான கோடு. பாலமாக இருந்தால் கீழே தண்ணீர் இருக்கும். வீடுகளாக இருந்தால் ஆட்கள் இருப்பார்கள். ஆட்கள் இருந்தால் வருத்தக்காரரும் இருப்பார்கள். நோய் போக்கும் மந்திரம் ஒன்று புத்தகத்தின் பின்பக்கம் இருந்தது. அதை நான் இன்னும் சரியாக வாசிக்கவில்லை.

"அந்த வீடுகளிலை ஆரும் இருக்கினமோ?" என்று ஜன்னலைப் பார்த்தபடி கேட்டேன்.

"அடிமட்டத்தை ஆட்டாதையுங்கோ," என்றார்.